சர்க்கரையும் உள்ளழலும் – ஒரு நோக்கு

முன்னுரை

2020, 2021 ஆகிய கொரோனா ஆண்டுகளில் தமிழ் மக்களின் நாவில் புதிதாகக் குடியேறிய சொற்கள் பல. ‘ஆக்சிஜன் அளவு’, ‘சி.டி. ஸ்கேன்’, ‘டி-டைமர்’ என்னும் அவ்வரிசையில் ‘சி.ஆர்.பி.’ என்பதும் ஒன்று. அதற்கு முன்னர் மருத்துவரின் மேசையிலும் பரிசோதனைக் கூடத்தின் ஏட்டிலும் மட்டுமே வழங்கிவந்த இச்சொல், அவ்வீராண்டுகளில் தேநீர்க் கடை வரை வந்து சேர்ந்தது. பெருந்தொற்று தணிந்தது, சொல் தங்கிவிட்டது. இன்று ‘முழு உடற்பரிசோதனை’ என்னும் பெயரில் குருதி கொடுத்து வருவோர் பலரும் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் பற்றிய எண்களோடு இவ்வெண்ணையும் கையில் ஏந்தி வருகின்றனர். தாளில் அது தடித்த எழுத்தில் இருப்பின் அஞ்சுகின்றனர், இல்லையெனில் மகிழ்கின்றனர். அது எதனைச் சொல்ல வந்தது என்று கேட்போர் மிகச் சிலரே.

இரண்டாம் வகை நீரிழிவு உடையோர்க்கு இவ்வினா மிக நெருக்கமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டு வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கும் மேற்பட்டோர் எனக் கணித்தது. தமிழ்நாட்டில் இது 14.4 விழுக்காடு. அதாவது, ஏழு பெரியோர் அமர்ந்திருக்கும் திண்ணையில் ஒருவர் நீரிழிவுக்காரர். இவர்களது குருதியில் சர்க்கரை மட்டுமன்றி, கண்ணுக்குப் புலப்படாத ஓர் அழலும் கனன்றுகொண்டிருக்கிறது என்பது அண்மைக்கால அறிவியலின் துணிபு. அவ்வழலைக் காட்டும் குறிகளுக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டிற்கும் உள்ள உறவினை எளிய தமிழில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மருத்துவம் பயின்றோன் எழுதும் கட்டுரையன்று இது. சொல்லின் பொருளைத் தேடும் தமிழாசிரியன் ஒருவன், நூல்களில் கற்றதையும் மருத்துவர்பால் கேட்டறிந்ததையும் தொகுத்துரைப்பது. ஆகவே, மருந்தின் அளவையோ வகையையோ மாற்றுதற்கு இதனை யாரும் சான்றாகக் கொள்ளலாகாது.

அழல் தந்த பெயர்

‘அழல்’ என்பது நெருப்பு. அதனின்று பிறந்ததே ‘அழற்சி’. ஆங்கில மருத்துவச் சொல்லும் இலத்தீன் மொழியில் தீச்சுடரைக் குறிக்கும் ‘ஃபிளாம்மா’ என்பதனின்று வந்ததே. அரபு மொழியில் அழற்சிக்கு ‘இல்திஹாப்’ என்று பெயர்; அதன் வேரான ‘லஹப்’ தீக்கொழுந்தைக் குறிக்கும். ஒன்றோடொன்று உறவில்லாத மூன்று மொழிக் குடும்பங்களும் உடலில் தோன்றும் ஒரு மாற்றத்தைக் கண்டு ஒரே உவமையை நாடியுள்ளமை வியப்புக்குரியது. கண்டதைக் கண்டவாறே பெயரிட்டனர் என்பதே உண்மை. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோம நாட்டுச் செல்சஸ் என்பார் அழற்சிக்கு நான்கு அடையாளங்களைக் கூறினார்: செம்மை, வீக்கம், வெம்மை, வலி. முள் தைத்த விரலை நோக்கினால் நான்கும் விளங்கும்.

ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். சித்த மருத்துவம் வளி, அழல், ஐயம் என மூன்றினைப் பேசும். அங்கே அழல் என்பது பித்தம். பெயர் ஒன்றாயினும், இக்கட்டுரையில் பேசப்படும் அழற்சி அதுவன்று. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மேடைகளில் முழங்குவோர் உளர். அது சித்த மருத்துவத்திற்கும் நன்மை செய்வதன்று.

முள் தைத்த இடத்து அழற்சி உடலின் காவற்பணி. வெள்ளணுக்கள் விரைந்து வந்து கிருமியை எதிர்க்கும். பணி முடிந்ததும் அழல் தணியும். நீரிழிவில் நாம் காணும் அழற்சியோ வேறு இயல்பினது. அது செம்மையும் வீக்கமும் இன்றி, வலியின்றி, குறைந்த அளவில், ஆண்டுக்கணக்கில் நீறுபூத்த நெருப்பாய் நிற்பது. கண் காணாததால் அதனைக் குருதியில் தேடவேண்டியதாயிற்று.

குருதியில் காணும் குறிகள்

முதியோர் நன்கறிந்த குறி ‘இ.எஸ்.ஆர்.’ ஆகும். குருதியை நெடுங்குழாயில் நிறுத்திவைத்தால் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கீழிறங்குகின்றன என்பதே அது. அழற்சி மிகுந்தால் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி விரைந்து இறங்கும். இது எளியது, மலிவானது; ஆயினும் பல காரணங்களால் ஏறக்கூடியது. அகவை கூடினால் ஏறும். குருதிச் சோகை இருந்தாலும் ஏறும். ஆடவர்க்கு அகவையில் பாதி, பெண்டிர்க்கு அகவையோடு பத்தைக் கூட்டி அதில் பாதி என்பது இயல்பான உச்ச அளவுக்கு மருத்துவர் கூறும் ஒரு பொதுக் கணக்கு. அறுபது அகவை மூதாட்டிக்கு 35 வரை இயல்பு என்றாகும். இருபது அகவைப் பெயரனின் தாளோடு அதனை ஒப்பிட்டு அஞ்சுவோரை நாம் காண்கிறோம்.

சி.ஆர்.பி. இதனினும் கூர்மையானது. 1930ஆம் ஆண்டு அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்னும் இருவர், நிமோனியா நோயாளரின் குருதியில் இப்புரதத்தைக் கண்டனர். நிமோனியாக் கிருமியின் ‘சி’ என்னும் பொருளோடு வினைபுரிந்தமையால் ‘சி-வினைபடு புரதம்’ எனப் பெயர் பெற்றது. உடலில் எங்கேனும் அழற்சி தோன்றின், ‘இன்டர்லூக்கின்-6’ போன்ற தூதுப் பொருள்கள் கல்லீரலுக்குச் செய்தி கொண்டு செல்லும். கல்லீரல் இப்புரதத்தை உருவாக்கிக் குருதியில் விடும். தூது நின்றால் 19 மணி நேர அளவில் அதன் அளவு பாதியாகக் குறையும். எனவே நேற்றைய நெருப்பையும் இன்றைய நெருப்பையும் பிரித்துக் காட்ட வல்லது. எந்த அறையில் நெருப்பு என்பதை மட்டும் அது கூறாது.

நீறுபூத்த அழற்சியை அளக்க ‘மிகை நுண்ணுணர்வு சி.ஆர்.பி.’ என்னும் தனிச் சோதனை உண்டு. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் எனில் இதய நோய்க்கான இடர் குறைவு. 1 முதல் 3 வரை நடுத்தரம். 3க்கு மேல் மிகுதி என்பது 2003ஆம் ஆண்டு அமெரிக்க வல்லுநர் குழு வகுத்த எல்லை. 10க்கு மேல் ஏறினால் சளியோ காய்ச்சலோ புண்ணோ உடனிருக்கிறதா என்று பார்த்து, அது தணிந்தபின் மீண்டும் அளக்க வேண்டும். இரு வார இடைவெளியில் இருமுறை அளந்து சராசரி காண்பது முறை. இன்னுமொரு சிறு பொறி உள்ளது. சில கூடங்கள் லிட்டர்க் கணக்கிலும், சில டெசிலிட்டர்க் கணக்கிலும் எண்ணைத் தருகின்றன. டெசிலிட்டரில் 0.6 என்பதும் லிட்டரில் 6 என்பதும் ஒன்றே. அலகை நோக்காமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் பத்து மடங்கு பிழை நேரும்.

சர்க்கரைக் கட்டுப்பாட்டின் அளவுகோலையும் இவ்விடத்தே கூறிவிடலாம். மக்கள் ‘மூன்று மாதச் சர்க்கரை’ என்றழைக்கும் எச்.பி.ஏ.1சி சோதனைக்கு வழிவகுத்தவர் ஈரானிய அறிஞர் சாமுவேல் ரஹ்பர். நீரிழிவு நோயாளரின் குருதியில் மாறுபட்ட ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதை அவர் 1968ஆம் ஆண்டு தெஹ்ரானிலிருந்து எழுதினார். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வது. அவ்வாழ்நாளில் அதன்மேல் படியும் சர்க்கரையே அச்சோதனையின் கணக்கு. 7 விழுக்காடு என்றால் குருதிச் சர்க்கரையின் சராசரி 154 என்றும், 8 என்றால் 183 என்றும் கொள்ளலாம். சிவப்பணுவை நம்பிய கணக்காதலின், இரும்புச்சத்துக் குறைந்த சோகையில் இவ்வெண் மெய்யளவினும் கூடித் தோன்றக்கூடும். நம் பெண்டிரிடையே சோகை மிகுதி என்பதால் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

கொழுப்பினுள் மூண்ட தீ

சர்க்கரைக்கும் அழற்சிக்கும் உறவுண்டு என்னும் ஐயம் மிகப் பழையது. 1876ஆம் ஆண்டு ஜெர்மனியின் எப்ஸ்டைன் என்னும் மருத்துவர், வாதவலிக்குத் தரப்படும் சாலிசிலேட் மருந்தை மிகுந்த அளவில் கொடுத்தபோது நீரிழிவு நோயாளரின் சிறுநீரில் சர்க்கரை குறைந்ததைக் கண்டு எழுதினார். 1901இல் மான்செஸ்டர் நகரத்து வில்லியம்சன் அதனையே கண்டார். காரணம் விளங்கவில்லை. 1921-22இல் டொராண்டோவில் இன்சுலின் கண்டறியப்பட்டதும், அதன் பேரொளியில் இச்சிறு விளக்கு மங்கிப்போயிற்று.

விளக்கம் கிடைத்தது 1993இல். ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மன் முதலிய ஆய்வாளர், பருத்த எலிகளின் கொழுப்புத் திசு ‘டி.என்.எஃப். ஆல்ஃபா’ என்னும் அழற்சித் தூதுப் பொருளை மிகுதியாகச் சுரப்பதையும், அதனைத் தடுத்தால் இன்சுலின் நன்கு வேலை செய்வதையும் காட்டினர். அதுவரை கொழுப்பு என்பது மிஞ்சிய உணவை அடுக்கிவைக்கும் களஞ்சியம் என்றே கருதப்பட்டது. களஞ்சியமே தீப்பற்றும் என்பது அன்று தெரிந்தது. 2003இல் வெளியான ஆய்வுகள், பருத்த கொழுப்புத் திசுவினுள் பெருவிழுங்கிகள் எனப்படும் வெள்ளணுக்கள் கூட்டமாகக் குடியேறுவதைக் காட்டின.

நிகழ்வது இது: அளவுக்கு மீறி வீங்கிய கொழுப்பணுக்களுக்கு உயிர்வளி போதிய அளவு எட்டுவதில்லை, சில மடிகின்றன. அவற்றைத் துப்புரவு செய்ய வரும் வெள்ளணுக்கள் அழற்சித் தூதுகளை விடுகின்றன. அத்தூதுகள் தசைக்கும் கல்லீரலுக்கும் சென்று, இன்சுலினின் அழைப்பை உள்ளே எடுத்துச் செல்லும் வழியை அடைக்கின்றன. இன்சுலின் கதவைத் தட்டுகிறது. உள்ளே மணி ஒலிப்பதில்லை. சர்க்கரை வெளியே தேங்குகிறது. தேங்கிய சர்க்கரை கணையத்திலேயே ‘இன்டர்லூக்கின்-1 பீட்டா’ என்னும் மற்றொரு தூதுப் பொருளைத் தூண்டி, இன்சுலின் சுரக்கும் அணுக்களையே நலிவிக்கிறது. தீயினால் சர்க்கரை ஏற, சர்க்கரையினால் தீ வளர, இது ஒரு சுழல்.

இடுப்பைச் சுற்றிய கொழுப்பே இதில் முதன்மையானது. தெற்காசிய மக்களாகிய நாம் தோற்றத்தில் ஒல்லியராயினும் வயிற்றில் கொழுப்புச் சேர்க்கும் உடல்வாகினர். எனவே ஆடவர்க்கு 90 செ.மீ., பெண்டிர்க்கு 80 செ.மீ. என்று இடுப்பளவின் எல்லையை நமக்குக் குறைத்தே வகுத்துள்ளனர். சென்னையில் நடந்த நகர்ப்புற, ஊர்ப்புற நோய்ப்பரவல் ஆய்வின் ஒரு பகுதி 2005இல் வெளிவந்தது. நீரிழிவு உடையோரிடம் சி.ஆர்.பி. கூடியிருப்பதையும், அது உடற்கொழுப்போடு தொடர்புடையதாய் இருப்பதையும் அது நம் மக்களிடத்தே காட்டிற்று.

இரண்டு எண்களும் ஒன்றா?

சி.ஆர்.பி.யும் இன்டர்லூக்கின்-6உம் கூடியிருந்த பெண்டிர்க்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதி என்பதை 2001இல் ஓர் அமெரிக்க ஆய்வு உறுதி செய்தது. நீரிழிவு உடையோரிடையே எச்.பி.ஏ.1சி உயர்ந்தோரிடம் சி.ஆர்.பி.யும் உயர்ந்திருப்பதை 2003இல் மற்றோர் ஆய்வு காட்டிற்று. இவ்விரண்டையும் படிப்போர், சர்க்கரையை இறக்கினால் அழற்சியும் தானே இறங்கும் என்று எண்ணக்கூடும்.

2009இல் வெளியான ஒரு சோதனை இவ்வெண்ணத்தை அசைத்தது. நீரிழிவு உடைய 500 பேர்க்கு இன்சுலினும் மெட்ஃபார்மினும் தனித்தனியாகவும் சேர்த்தும் 14 வாரம் கொடுத்துப் பார்த்தனர். சர்க்கரை நன்கு குறைந்தது. சி.ஆர்.பி.யோ, அம்மருந்துகளைப் பெறாதோரைக் காட்டிலும் மிகுதியாகக் குறையவில்லை. எதிர்த்திசையிலும் சான்றுண்டு. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தொன்றை 17,802 பேரிடம் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில் சி.ஆர்.பி. 37 விழுக்காடு குறைந்தது, மாரடைப்பும் குறைந்தது, நீரிழிவு மட்டும் சற்றே கூடிற்று. (இதனைப் படித்து ஸ்டாட்டின் மாத்திரையை யாரும் நிறுத்திவிட வேண்டா. இதயத்திற்கு அது தரும் காப்பு பெரிது. சர்க்கரையில் நேரும் ஏற்றம் சிறிது.) மேலும், பிறவியிலேயே மரபணுவினால் சி.ஆர்.பி. கூடியவர்க்கு அக்காரணம் பற்றி நீரிழிவு கூடுவதாகக் காணவில்லை என்று 2008இல் வந்த மரபணு ஆய்வு கூறிற்று. ஆகவே சி.ஆர்.பி. என்பது புகை. புகையை விசிறி விரட்டுவதால் அடுப்பு அணைவதில்லை.

தீயைக் குறிவைத்தே மருந்து செய்தால் என்ன என்னும் கேள்வியும் எழுந்தது. 2007இல் 70 பேரிடம் இன்டர்லூக்கின்-1ஐத் தடுக்கும் மருந்தினை 13 வாரம் ஊசியாகச் செலுத்தியபோது எச்.பி.ஏ.1சி அரைப் புள்ளியளவு குறைந்தது. நம்பிக்கை பிறந்தது. ஆயின் 2017இல் வெளியான பெருஞ்சோதனையில், அதே வழியைத் தடுக்கும் விலையுயர்ந்த மருந்து பத்தாயிரம் பேரிடம் இதய நோயைக் குறைத்ததேயன்றிப் புதிதாக நீரிழிவு வருவதைத் தடுக்கவில்லை. எப்ஸ்டைன் கண்ட சாலிசிலேட் குடும்பத்துச் ‘சால்சலேட்’ மருந்து 2013இல் 48 வாரச் சோதனையில் எச்.பி.ஏ.1சியை 0.37 புள்ளி குறைத்தது; உடன் சிறுநீரில் ஆல்புமின் சற்றுக் கூடிற்று, கெட்ட கொழுப்பும் ஏறிற்று. 137 ஆண்டு கழித்தும் அம்மருந்து நீரிழிவுக்கான பட்டியலில் இடம்பெறவில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை மிக இன்றியமையாதது. ‘அழற்சி இருக்கிறது, அழற்சி மாத்திரை தாருங்கள்’ என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற வலிநீக்கிகளை நீரிழிவுக்காரர் நெடுநாள் விழுங்கினால், முன்பே நலிந்திருக்கும் சிறுநீரகம் மேலும் நலியும். அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்துகளோ சர்க்கரையை வெகுவாக ஏற்றிவிடும். கொரோனாக் காலத்தில் டெக்சாமெத்தசோன் பல உயிர்களைக் காத்தது உண்மை. 2021இல் நீரிழிவு உடையோரையும் ஸ்டீராய்டு பெற்றோரையும் கருப்புப் பூஞ்சை தாக்கியதையும் நாடு மறந்திருக்காது. மூட்டுவலிக்கெனப் பெயரில்லாப் பொட்டலங்களில் விற்கப்படும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. சர்க்கரை ஏன் ஏறுகிறதென்று தெரியாமல் தவிப்போர் அப்பொட்டலத்தையும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

வீட்டிலேயே கனலும் நெருப்புகள்

கட்டுக்குள் இருந்த சர்க்கரை ஒரு வாரத்தில் 160இலிருந்து 300க்கு ஏறிவிடுகிறது. வீட்டார் கேட்கும் முதற்கேள்வி எது? ‘யாருக்கும் தெரியாமல் இனிப்புத் தின்றீர்களா?’ என்பதே. அத்தா மறுக்கிறார், மகன் நம்புவதில்லை. அம்மா கண் கலங்குகிறார்; அலமாரியில் மிட்டாய்த் தாள் தேடப்படுகிறது. பல குடும்பங்களில் நடக்கும் இவ்விசாரணை பெரும்பாலும் தவறான இடத்தில் நடக்கிறது. உடலில் தொற்றோ புண்ணோ உண்டானால் அட்ரீனலின், கார்ட்டிசால் என்னும் சுரப்புகள் பெருகும். அழற்சித் தூதுகளும் சேரும். கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை அவிழ்த்துவிடும். ஒரு கவளம் கூடுதலாக உண்ணாமலே எண் ஏறும். சிறுநீர்த் தொற்று, பல் ஈறு, காற்புண், நெடுநாள் இருமல் ஆகியவற்றை முதலில் தேடவேண்டும். நீரிழிவு உடையோர்க்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காதலால், இரு வாரம் கடந்த இருமலை மூத்தோரின் இயல்பென்று விட்டுவிடலாகாது. முதியோரின் நாவை ஐயுறுமுன் அவர்தம் வாயையும் காலையும் நோக்குவது அன்புடைமை.

பல் ஈறு பற்றிப் பலரும் நம்ப மறுப்பர். ஈறு வீங்கிக் குருதி கசியும் நோய் வாயளவில் நின்றுவிடுவதன்று. நாள்தோறும் அழற்சித் தூதுகளைக் குருதியில் கலக்கும் ஊற்று அது. ஈற்று நோய்க்கு முறையான மருத்துவம் செய்தால் மூன்று நான்கு மாதத்தில் எச்.பி.ஏ.1சி 0.43 புள்ளி குறைகிறது என்று, பல சோதனைகளைத் திரட்டிய 2022ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு கூறுகிறது. 2013இல் சால்சலேட் மருந்து தந்த பயனுக்கு இது குறைந்ததன்று. பல் மருத்துவர் ஈற்றைத் துப்புரவு செய்வதால் சர்க்கரையும் ஓரளவு இறங்கும் என்பதை நம் பெரியோர்க்கு யார் எடுத்துச் சொல்கின்றனர்?

இடுப்பின் நெருப்புக்கு நடையும் உணவுக் குறைப்புமே மருந்து. அமெரிக்காவில் 2002இல் முடிந்த தடுப்பாய்வில் வாழ்முறை மாற்றம் நீரிழிவை 58 விழுக்காடு தடுத்தது; அக்குழுவினரின் சி.ஆர்.பி. மூன்றிலொரு பங்களவு குறைந்தது. சென்னையில் இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்தியத் தடுப்பாய்விலும் வாழ்முறை மாற்றம் ஏறத்தாழ 28 விழுக்காடு தடுத்தது.

எஞ்சியது பாதம். செல்சஸ் கூறிய நான்கு அடையாளங்களில் நான்காவது வலி. நெடுநாள் நீரிழிவில் நரம்பு மரத்துப்போவதால் அந்நான்காவது அடையாளம் அழிந்துவிடுகிறது. முள் தைத்ததோ, சுடுதரை சுட்டதோ, செருப்பு கடித்ததோ தெரிவதில்லை. பதினோராம் நூற்றாண்டு அறிஞர் இப்னு சீனா நீரிழிவில் சிறுநீர் இனிப்பதையும், அழுகற்புண் உண்டாவதையும் சேர்த்தே எழுதிவைத்தார். இன்றும் பலர் கால் இழப்பது, வலிக்கவில்லையே என்று வாளாவிருந்த அச்சில நாள்களினால்தான்.

வலி போயினும் செம்மை, வீக்கம், வெம்மை ஆகிய மூன்றும் எஞ்சியுள்ளன. நீரிழிவில் முதியோரின் பார்வையும் மங்குவதால் அவற்றைக் காண இளங்கண் வேண்டும். கல்லூரியிலிருந்து வீடு திரும்பும் மாணவர், நன்னா, நன்னிமாரின் பாதங்களை மாலையில் விளக்கொளியில் ஏந்திப் பார்க்கலாம். உள்ளங்கால், குதிகால், விரல்களின் இடுக்கு என ஒவ்வொன்றாக நோக்கவேண்டும். பின்னர்ப் புறங்கையை இரு பாதங்களிலும் ஒரே இடத்தில் மாறி மாறி வைத்துப் பார்க்கவேண்டும். ஒரு பாதம் மற்றதனினும் 2.2 செல்சியஸ் பாகை மிகுந்து சுடுவதைப் புண்ணின் முன்னறிவிப்பாக மருத்துவர் கொள்வர். அவ்வேறுபாடு புறங்கைக்குத் தெரிந்தால், நடப்பதை நிறுத்தி, குருதிச் சோதனைத் தாளுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.